கார் மறந்துபோன ரிமோட்

பூட்டிக் கிடக்கும் காருக்குள் தில்பசந்த் எப்படி வருகிறது என்பதுதான் நான் நாலாவது படித்த வருஷம் என்னைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி. காக்ஸ் டவுனில் மாடியில் நாங்களும் கீழே சித்தியும் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நடந்தே திரும்புவோம். வாசலில் நிற்கும் சித்தியின் பழைய காரில், டிரைவர் சீட்டின் மேல் எண்ணெய் ஊறிய பேக்கரிக் கவர் ஒன்று தில்பசந்தோடு இருக்கும். நாலு கதவும் பூட்டியபடியே இருக்கும். கண்ணாடி ஒரு நூல்கூட இறங்கியிருக்காது. சித்தி கவரை எடுத்து அப்படியே என்னிடம் தந்துவிடுவாள். தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் என்றால் அவளுக்கு உயிர். ஆனாலும் அந்த நாட்களில் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. உள்ளபடி சொன்னால், எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

சித்தப்பா அப்போது ஓசூரில் வேலை கிடைத்துப் போயிருந்தார். அப்படித்தான் என்னிடம் சொல்லியிருந்தார்கள். அவர் கிளம்பிய அன்று கீழ்வீட்டில் சத்தம் அதிகமாக இருந்தது. வேலை கிடைத்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். பேக்கரிக் கவரில் ஓசூர் என்று இல்லாமல், எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் லிங்கராஜபுரம் என்று அச்சடித்திருந்ததைப் பலமுறை படித்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

ஒருநாள் சித்தியின் கார் ரிமோட் சுடிதார் பாக்கெட்டோடு வாஷிங் மெஷினுக்குள் போய் உயிரை விட்டது. சாவி செய்யும் கடைக்குப் புதிது வாங்கப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

"இன்னொரு ரிமோட் இருந்தா அதையும் கையில வெச்சுக்குங்க மேடம்," என்றார் கடைக்காரர். "புதுசைக் கத்துக்கும்போது வண்டி ஹளேதை, பழைய ரிமோட்டையெல்லாம் மறந்துடும். எல்லாத்தையும் ஒரே டைம்ல காட்டிடணும்."

வேறு இல்லை என்றாள் சித்தி. சித்தப்பாவின் சாவிக்கொத்தில் ஒன்று இருக்கிறதே என்று நான் ஞாபகப்படுத்தினேன். சித்தி என் கையை அழுத்தினாள். கடைக்காரர் குனிந்து, செய்முறையைத் துண்டுச் சீட்டில் எழுத ஆரம்பித்தார்.

திரும்பும் ஆட்டோவில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. தில்பசந்தை வைப்பது சித்தப்பாதான் என்று பெரிய துப்பறிவாளர்போல அறிவித்தேன். உனக்கு இப்போதுதான் தெரியுமா என்று சித்தி கேட்டாள். அப்படியானால் கார் மறந்துவிட்ட பிறகு அவரால் வைக்க முடியாதே என்றேன். முடியாது என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தில்பசந்துக்காகத்தான்.

சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: எல்லாக் கதவும் மூடியிருக்க வேண்டும். பத்து விநாடிக்குள் சாவியை ஐந்து தடவை போட்டு அணைக்க வேண்டும். பூட்டு தானாக 'டக்' என்று அடித்ததும் ரிமோட்டை அழுத்த வேண்டும். எங்கள் வீட்டில் முட்டை வேகிற நேரத்தைக்கூட ஜெபத்தால்தான் அளப்பார்கள். அதனால் சித்தி 'அருள் நிறைந்த மரியே' சொல்லியபடி, வரிக்கு ஒருமுறையாகச் சாவியைத் திருப்பி ஆமெனில் முடித்தாள். டக் அடிக்கவில்லை. மறுபடி பக்தியோடு செய்தாள். அப்போதும் இல்லை. பின்சீட்டில் இருந்த நான் என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். முழு ஜெபத்துக்குப் பதினெட்டு விநாடி ஆனது. பாதி ஜெபம் போதும் என்றேன். பாதியில் நிறுத்துவதா என்று அவள் தயங்கினாள். மாதா கோபிக்க மாட்டாள் என்று தைரியம் சொன்னேன். பாதி ஜெபத்துக்குள் ஐந்து தடவையும் திருப்பி முடித்ததும் பூட்டு டக் என்றது. சித்தி ரிமோட்டை உடனே அழுத்தவில்லை. நான் தோளைத் தட்டிய பிறகே அழுத்தினாள்.

அடுத்த ஞாயிறு கவர் பானெட்டின் மேல், எறும்பு மொய்த்துக் கிடந்தது. சித்தப்பாவின் ரிமோட்டையும் வாங்கி வந்து இரண்டையும் சேர்த்துக் காட்டினால் போதுமே என்று வழி சொன்னேன்.

"வேணும்னா அவர்தான் கொண்டு வரணும்," என்றாள் சித்தி. "பெல் அடிச்சு, உள்ள வந்து, என் மூஞ்சியப் பாத்துக் கேக்கணும்."

அதற்கடுத்த ஞாயிறு வயிற்றுவலி என்று சொல்லிப் பூசைக்குப் போகாமல் ஜன்னலில் காத்திருந்தேன். சித்தப்பா பைக்கில் வந்தார். காரைப் பார்த்து ரிமோட்டை அழுத்தினார். பேன்டில் துடைத்து அழுத்தினார். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தும் அழுத்தினார். பாவமாக இருந்தது. இறங்கிப் போய் ஹளேது, புதுசு, பத்து விநாடி, பாதி ஜெபம் எல்லாவற்றையும் விளக்கி, சித்தி சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன்.

"கேக்கணும்னா சொன்னா?" என்றார். "வரவேணாம்னு சொல்லலையே?"

இல்லை என்றேன். கவரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் கீழே பெல் அடித்தது. சித்தப்பா வாசலில் ரிமோட்டை நீட்டியபடி நின்றார். சித்தி அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு புது ரிமோட்டால் காரைத் திறந்து ஒரு பக்கம் அவள் ஏறிக்கொள்ள, மறுபக்கம் அவர் ஏறினார். கதவுகளை மூடிக்கொண்டார்கள். நான் வெளியே நின்று கணக்காகப் பாதி ஜெபம் சொன்னேன். டக் கேட்கவில்லை. முழுதாகச் சொன்னேன். ஜெபமாலையில் பத்து மணிகளையும் உருட்டி முடித்தேன். உள்ளே சித்தப்பா ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். சித்தி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சீட்டைக் காட்டினாலாவது புரியும் என்று அதை எடுக்கச் சித்தி வீட்டுக்குள் ஓடினேன். கார்ச் சாவி அங்கே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சாவியே இல்லாமல் இருவரும் இவ்வளவு நேரம் எதைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள்? எடுத்துக்கொண்டு ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினேன். இரண்டு பேருமே திரும்பவில்லை. இந்தச் சின்ன வேலையைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.