கார்டு அக்கா சொல்லாமல் விட்டது

கண்காட்சி அரங்கத்தின் வாசலில் ஒரு மேசை, ஒரு கேமரா, ஒரு பிரின்டர். வீடியோ கேம் கண்காட்சி நடக்கும் நாட்களில் ஸ்டால் போடும் கம்பெனிக்காரர்கள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அந்த மேசைக்கு முன்னால் நின்றுதான் ஆக வேண்டும். படம் பிடித்து, பெயர் அடித்து, அடையாள அட்டையைக் கழுத்து நாடாவில் கோத்துக் கொடுப்பவள் அவள். அவளுடைய பெயரைக் கேட்க யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. அரங்கம் முழுவதற்கும் அவள் கார்டு அக்கா.

கண்காட்சி முடிந்ததும் மற்றவர்கள் குப்பை என்று விட்டுப்போவதெல்லாம் அவள் வீட்டுக்கு வந்துவிடும். தகர பேட்ஜ், போஸ்டர், கைப்பட்டை, இலவசமாகக் கொடுத்த டிஸ்க், அறுந்த நாடா, எதையும் விடமாட்டாள். வாளோடு நிற்கும் ஒரு வீரனின் ஆளுயர அட்டைப் படம் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. தையல்காரரான அவள் கணவர், "எங்க ரூம்ல நாங்க மூணு பேரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவள் சிரிக்கமாட்டாள். இந்த விஷயத்தில் அவளுக்குச் சிரிப்பே வராது. ரப்பர் பேண்ட் போடக் கூடாது, செல்லோ டேப் ஒட்டக் கூடாது, பின் அடித்திருந்தால் துரு ஏறுமுன் பிடுங்கிவிட வேண்டும், அட்டைகளைக் காகித உறையில்தான் வைக்க வேண்டும். யாராவது அலமாரிப் பக்கம் போனால் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருப்பாள்.

அந்த அலமாரியில் இருக்க வேண்டிய ஒன்று மட்டும் இல்லை. அவளுடைய தம்பியின் அட்டை.

தம்பி செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவன். ஓய்வு நேரத்தில் தனி ஆளாக ஒரு கேம் செய்தான். ஒரு வருஷம் கையில் இருந்ததையெல்லாம் துடைத்தெடுத்துக் கழிவறைக்குப் பக்கத்தில் ஒரு மூலை ஸ்டால் பிடித்தான். அட்டைக்குப் படம் எடுக்க அவள் கேமராவைத் தூக்கியபோது, "போட்டோ வேணாங்கா, இத அடிச்சுக் குடு" என்று தன் முகத்தைத் தானே வரைந்து நீட்டினான். அவனுடைய கேமில் வருகிற ஆட்களைப் போலச் சின்னச் சின்னச் சதுரங்களால் ஆன முகம். விதிக்கு விரோதம். தம்பி ஆயிற்றே, அடித்துக் கொடுத்தாள். அப்படி ஒரு அட்டை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அடுத்த கண்காட்சி வருவதற்குள் ஒரு காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் லைட்காரனும் ஒருவன். ஸ்டால்களுக்கு விளக்கு மாட்டுகிறவன், தம்பியின் சிநேகிதன். அவனும் கண்காட்சிப் பொருட்களைச் சேர்க்கிறவன்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான். அரங்கத்தில் பழைய நினைவுப் பொருட்களை வைத்து ஒரு காட்சி நடக்கப்போகிறது, தம்பியின் அட்டையும் அதில் இருக்கட்டும், முடிந்ததும் தானே கொண்டுவந்து தருகிறேன் என்றான். அழுத கண்ணோடு எடுத்துக் கொடுத்தாள்.

காட்சியில் அட்டை கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அடியில் லைட்காரனின் பெயர், அவனுடைய சேகரிப்பாம். முடிந்ததும் போய்க் கேட்டாள்.

"எதக்கா கேக்கறீங்க? அது உங்க தம்பி எனக்குக் குடுத்ததாச்சே."

தச்சர்கள், எலக்ட்ரீசியன்கள், நிர்வாகிகள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவள் சத்தம் போட்டாள். அவன் சத்தமே போடவில்லை. மற்றவர்கள் பக்கம் திரும்பி, "பாவம், தம்பி போனதுலேருந்து அக்காவுக்கு மனசு சரியில்ல" என்றான். ஆளுக்கு ஆள் தலையாட்டினார்கள். ஒருவர் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எடுத்துக்கொண்டு போனதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். அந்தத் தண்ணீரை மன்னிக்க அவளால் முடியவில்லை. அன்றிலிருந்து அவன்மேல் கறுவிக்கொண்டே இருந்தாள். வாசலில் அவனுக்கு அட்டை அடித்துக் கொடுக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லா இருக்கியா" என்று கேட்பாள்.

சில வருஷம் கழித்து லைட்காரன் சேகரிப்புக்கென்றே மாடியில் ஒரு அறை கட்டி அரங்கத்து ஆட்களையெல்லாம் கூப்பிட்டான். அவளையும் கூப்பிட்டான், குளிர் விட்டுப்போயிருந்தது அவனுக்கு. தம்பியைப் பார்க்கலாமே என்று போனாள். சுவரில் அதே கண்ணாடிக்குள் இருந்தான்.

மற்ற அட்டைகளையெல்லாம் லைட்காரன் தடித்தடி ஆல்பங்களில் போட்டிருந்தான். பக்கத்தைப் புரட்டினாள். உறைகள் மெத்தென்று வளைந்தன, புது மழைக்கோட்டு வாசனை அடித்தது. விரல் பட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தொழிலுக்கு வந்த புதிதில் அவளே இந்த மெத்துப் பிளாஸ்டிக்கில் வைத்து ஒரு கட்டு அட்டைகளைத் தொலைத்திருக்கிறாள். அதில் எண்ணெய் கலந்திருக்கும். சூட்டில் அது மெல்லக் கசிந்து அட்டையின் மையை உறைக்கு இழுத்துக்கொள்ளும். மாடி அறை வேறு, மேலே தகரக் கூரை.

"எப்படிக்கா இருக்கு? நீங்க சொன்னாத்தான் எனக்குத் திருப்தி."

அவள் இன்னும் இரண்டு பக்கம் புரட்டினாள். "ரொம்ப நல்லா இருக்கு" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னாள். அவர் தையல் மெஷினை நிறுத்தினார்.

"சொல்லியிருக்கலாமேம்மா. அவன் ஆயுசு பூரா சேத்தது."

"என்னோடது அங்க கண்ணாடிக்குள்ள பத்திரமா இருக்கு. அவனோடதெல்லாம் போகட்டும்."

அதற்கப்புறம் வெயில் ஏறினாலே அவளுக்கு உற்சாகம். ஊரே வியர்த்துப் புலம்பும்போது, தகரக் கூரையை நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் துணி காயப்போடுவாள். இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று வாய்விட்டே சொல்வாள்.

இந்தக் கோடையில் லைட்காரன் வீடு தேடி வந்தான். இரண்டு கையிலும் ஆல்பங்கள், முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லாம் ஒட்டிக்கிச்சுக்கா. நீங்கதான் ஏதாவது பண்ணணும்."

அவள் அவசரப்படவில்லை. மேசையைத் துடைத்தாள், மெல்லிய பிளேடு எடுத்து வைத்தாள், கண்ணாடி போட்டுக்கொண்டாள். முதல் உறையைப் பிரித்தாள். பெயரும் படமும் பிளாஸ்டிக்கோடு வந்தன, கையில் வெறும் வெள்ளை அட்டை. அடுத்ததும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொன்றும் அவள் வயிற்றில் பால் வார்த்தது. "அடடா" என்று சொல்லிக்கொண்டே பிரித்தாள். உச்சுக்கூடக் கொட்டினாள்.

கடைசி ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு அட்டை இருந்தது. சதுரம் சதுரமாய் ஒரு முகம். பாதி உறையில், பாதி அட்டையில்.

அவள் ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "இது சுவத்துலதான இருந்துச்சு?"

"சுவத்துல ஈரம் ஏறுச்சுக்கா, அதான் எடுத்துட்டேன். என்கிட்ட இருக்கறதுலயே ஒசத்தி இதுதான். எங்க வைக்கறதுன்னு யோசிச்சேன். அன்னைக்கு நீங்க தொட்டுப் பாத்துட்டு ரொம்ப நல்லா இருக்குன்னீங்களே. இந்த விஷயத்துல உங்களுக்குத் தெரியாததா? அந்த நம்பிக்கையிலதான் இதையும் அதுலயே வச்சேன்."

அவள் பிளேடைக் கீழே வைத்தாள். உறையின் மேலே விரலை வைத்தாள், பிசுபிசுவென்று ஒட்டியது.

"இதையாவது சரி பண்ணிடலாமாக்கா?"

"முடியாது" என்றாள். "எனக்கு அன்னைக்கே தெரியும்."