கடலுக்குள் அடித்தால் அவுட்

காலை ஐந்தேகாலுக்கு ஈச்சிலம்பற்றுச் சந்தியில் பஸ் ஏறினேன். இலங்கைத்துறையிலிருந்து அதுவரை மச்சானின் மோட்டார் சைக்கிளில் வந்தேன். திருகோணமலைக்கு முந்நூறு ரூபாய். மடியில் கருவாட்டுப் பார்சல்.

“அண்ணை, உந்தப் பார்சலுக்கும் ஒரு டிக்கட் கிழிக்கவோ? பஸ் முழுக்க அதுதான் பயணம் செய்யுது,” என்றான் கண்டக்டர். எல்லோரும் சிரித்தார்கள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

பார்சல் குகனுக்கு. எங்கள் கரையில் என்னோடு பந்து போட்டவன். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளனாகப் பல வருடங்கள் டெஸ்ட் ஆடிவிட்டு இப்போது ஓய்வு பெற்றிருக்கிறான். இன்று பட்டினத்தில் அவனுக்குப் பாராட்டு விழா. காலி டெஸ்டில் அவன் ஐந்து விக்கெட் எடுத்த அன்று ஊரே வெடி கொளுத்தியது. நான் குனிந்த தலை நிமிராமல் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தேன்.

எங்கள் கரையில் ஒரு சட்டம் உண்டு. கடலுக்குள் அடித்தால் அவுட். அடித்தவனே நீந்திப் பந்தை எடுத்துவர வேண்டும். தெற்கு முனையிலிருந்து நான் இடக்கையால் மெதுவாகத் தூக்கிப் போடுவேன். மட்டைக்காரனின் ஆசை கடல்பக்கம் போகும், பந்து கரைப்பக்கம் திரும்பும். டெஸ்டில் குகன் போட்டதும் அதே பந்துதான். அது யாருடைய பந்து என்று மேடையில் சொல்வானா என்று பார்க்கவே போனேன்.

ஏழரைக்குக் கிண்ணியாப் பாலம். இரண்டு பக்கமும் தண்ணீர் வெள்ளித் தகடாய்க் கிடந்தது. பக்கத்து இருக்கையில் வெருகல் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவர் இருந்தார்; அவரும் விழாவுக்குத்தான் வந்தார்.

“நீங்களும் விளையாடினனீங்களோ?”

“கொஞ்சம்.”

பட்டினத்தில் புள்ளிமான்கள் கடைவாசலில் வாழைப்பழத்தோல் தின்றுகொண்டு நிற்கும். துறைமுகத்தில் பெரிய கப்பல் ஒன்று நின்றது. முன்பு இதே ஊருக்குத்தான் நானும் குகனும் அணித் தெரிவுக்கு வந்தோம். அத்தனை அந்நியர் பார்க்க எனக்குக் கை எழவில்லை. அவனுக்கு எழுந்தது.

பத்து மணிக்கு விழா. மாலைகளுக்கு நடுவே குகன் எழுந்தான். “எங்கட கரையில தெற்கு முனை எனக்குக் கிடைக்கிறேல்ல. அங்க என்னைவிடத் திறமான ஒருத்தர் போடுவார். அவரைப் பார்த்துப் பழகின பந்தாலதான் நான் சாப்பிட்டனான். அண்ணை, வந்திருந்தால் கையைத் தூக்குங்கோ.”

சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. என் இடக்கை பார்சலின் மேல் கிடந்தது. தூக்க ஏலவில்லை.

“உங்கட ஊராள்தானே, தெரியுமோ?” என்று ரீச்சர் கேட்டார்.

“தெரியாது,” என்றேன்.

குகன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அமர்ந்தான்.

இரண்டு மணிக்குத் திரும்பும் பஸ். அதே கண்டக்டர். “என்ன அண்ணை, பார்சல் திரும்பி வருது?”

“நீங்கள் வைச்சிருங்கோ.”

அவன் சிரிப்பு நின்றது. டிக்கட்டுக்குக் காசு வாங்க மறுத்தான்.

பாலத்தைக் கடக்கும்போது வெயில் கண்ணைக் குத்தியது. என் பந்தைத் திருடியவன் என்று இத்தனை காலமும் குகன்மேல் ஒரு கோபம் வைத்திருந்தேன். அந்தக் கோபம் எனக்குத் துணையாக இருந்தது. இன்று எல்லார் முன்னாலும் நல்ல வார்த்தை சொல்லி அதையும் எடுத்துக்கொண்டான். ஊருக்கு வந்து சேர்ந்தபோது மாலைக் கரையில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. தெற்கு முனையில் யாரோ வலக்கையால் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் கடல்பக்கம் அடிக்க ஆசை வரவில்லை.