லயத்தில் யாருக்கும் தெரியாத பையன்

என் மகன் அந்த பைக்கை எடுத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பெற்றவள் பிள்ளைக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று பாதியிலேயே முடிவு கட்டிவிடுவீர்கள். ரிசார்ட் ஒன்றின் வாசலில் சாவியோடு நின்ற பைக் அது. இவனும் இவன் வகுப்பில் படிக்கும் இன்னொருவனும் அதை எடுத்து மலைமேல் வியூ பாயிண்ட் வரை ஓட்டிப்போய், திரும்பும் வழியில் ஒரு வளைவில் தேயிலைக்குள் சரிந்திருக்கிறார்கள். பதினாறு வயது. அன்று மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் தோலை உரித்திருப்பேன்.

கையில் கிடைக்கவில்லை. நான் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவனின் அப்பாவுக்கு டவுனில் ஹார்டுவேர் கடை. காரில் வந்து இறங்கினார், உள்ளே போனார், கால் மணி நேரம் பேசினார், மகன் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். "நல்ல குடும்பத்துப் பையன், அப்பா பார்த்துக்கொள்வார்" என்றார் எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர், யாரும் கேட்காமலே. அப்புறம் என் முறை. அப்பா எங்கே? கம்பத்தில் திராட்சைத் தோட்டத்தில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். நீ? கொழுந்து எடுக்கப் போவேன். வீடு? எஸ்டேட் லயம். அவ்வளவுதான், அதற்குமேல் அவருக்குக் கேட்க ஒன்றுமில்லை. ஒரே பைக், ஒரே வளைவு. ஒருவன் அன்று வீட்டில் சோறு தின்றான், ஒருவன் சிறுவர் ஹோமுக்குப் போனான்.

"ஜெயில் இல்ல சேச்சி, ஹோம்" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் எனக்குத் திருத்திச் சொன்னார்கள். பூட்டு வெளிப்பக்கம் தொங்கினால் அதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்தால் எனக்கென்ன? வண்டிப்பெரியாருக்கு வந்து, பஸ் மாறி மாறி மலையிறங்கிப் போய், கேட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் பிள்ளையை அரை மணி நேரம் பார்க்கலாம். கொண்டுபோன மீன் குழம்பை வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வெளிச் சாப்பாடு கூடாதாம். அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

எங்கள் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீடு. ஒரு வீட்டில் தும்மினால் பன்னிரண்டாவது வீட்டுக்குக் கேட்கும். உள்ளே எவ்வளவு சண்டை போட்டாலும் வெளியாள் ஒருவர் வந்து கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "தெரியாது சார்." காட்டில் மரக்கிளை வெட்டியது யார் என்று வாட்ச்மேன் கேட்டால் தெரியாது. வேலைநிறுத்தத்தில் ஆபீஸ் கண்ணாடியை உடைத்தது யார் என்று மேனேஜர் கேட்டால் தெரியாது. நடக்கத் தெரியாத பிள்ளைகூட எங்கள் லயத்தில் அதைச் சொல்லும். வாயைத் திறந்தால் நம் ஆளில் ஒருவருக்கு வேலை போகும். இதை எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பிள்ளையைப் பற்றி விசாரித்து ரிப்போர்ட் எழுத ஒரு ஆபீசர் வருவார், அதைப் பார்த்துத்தான் சிறுவர் வழக்கை விசாரிக்கும் போர்டு ஜாமீன் கொடுக்கும் என்று சொன்னார்கள். என் காதில் விழுந்தது ஆபீசர் என்ற சொல் மட்டும்தான். அன்று சாயங்காலமே கொழுந்து எடுத்துவிட்டு வந்த கையோடு பன்னிரண்டு வீட்டுக்கும் போனேன். "யாரு வந்து கேட்டாலும் வாயத் தொறக்காதீங்க. நல்லது சொன்னாலும் அதுல நாலு சேத்து எழுதிருவாங்க" என்றேன்.

"எங்களுக்கே பாடமா? போடி, போய்ச் சோத்தப் பொங்கு" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

அந்த ஆபீசர் அம்மாள் வந்ததோ வேலை நாளில், பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் லயத்தில் யார் இருப்பார்கள்? காய்ச்சல்காரி ஒருத்தி, பிள்ளை பெற்றவள் ஒருத்தி, ஷிப்ட் முடிந்து வந்தவர் இரண்டு பேர், கால் சுளுக்கி லீவில் இருந்த அக்கா. ஒவ்வொரு கதவிலும் நின்று "இந்தப் பையனைத் தெரியுமா?" என்று மலையாளத்தில் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு கதவும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறது. தகவல் கிடைத்து நான் தேயிலைக் காட்டிலிருந்து கொழுந்துப் பையோடு ஓடி வந்தேன். பையன் ஸ்கூல் விட்டு வரும்போது வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். நிஜம்தானே. அடுத்த கேள்வி, அப்போது அவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதாக இருந்திருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை. எங்கள் ஒற்றை அறையை எட்டிப் பார்த்துவிட்டு, சேறு ஒட்டிய செருப்பைத் தட்டிக்கொண்டே ஜீப்பில் ஏறினார். இருபது நிமிடம். என் பிள்ளையின் பதினாறு வருடத்தை இருபது நிமிடத்தில் எழுதி முடித்த மகராசி!

ஜாமீன் கிடைக்கவில்லை. எங்களுக்காகப் பேசிய வக்கீல் சின்னப் பெண், எடுத்தெறிந்து பேசாதவள். வராந்தாவில் வைத்து எனக்கு அந்த ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினாள். பகலில் வீட்டில் ஆள் இல்லை. கவனிக்க யாரும் இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் இந்தப் பையனை யாருக்கும் தெரியவில்லை. வெளியே விட்டால் வழி தவற வாய்ப்புண்டு.

"சேச்சி, ஒரே லைன்ல இருக்கறவங்க எப்படித் தெரியாதுன்னு சொன்னாங்க?" என்று கேட்டாள்.

எழுதியவள்மேல் ஆத்திரம், கேட்டவள்மேல் ஆத்திரம். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு ஒரு பையனை யாருக்கும் தெரியாது என்றால், இதில் ஏதோ இருக்கிறது என்று ஒரு படித்த மனுஷிக்குத் தோன்ற வேண்டாமா? இவர்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

அந்த வாரம் அவனைப் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தான். முடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

"ஏம்மா, நம்ம லயத்துல யாருக்கும் என்னத் தெரியாதாமே? போர்டுல வாசிச்சாங்க. அக்காகூடவா தெரியாதுன்னு சொன்னாங்க?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். நான்தான்டா சொல்லச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. "அந்தப் பொம்பள பொய் எழுதிட்டாடா. யாருமே அப்பிடிச் சொல்லல" என்றேன். அவன் தலையாட்டினான். நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை. அடுத்த வாரம் நான் பேசப் பேச அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லயத்தில் விஷயத்தைச் சொன்னதும் அக்கா குதித்தாள். "நாம என்னத்துக்குச் சொன்னோம், அவங்க என்னத்த எழுதியிருக்காங்க! அந்தப் பிள்ளைய எனக்கா தெரியாது? வாங்கடி எல்லாரும், போயி சொல்லுவோம்."

அடுத்த போர்டு நாளில் ஏழு பெண்கள் லீவு போட்டார்கள். எல்லோரும் ஒரே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். சூப்பர்வைசர் முறைத்துவிட்டுப் போனார். முறைக்கட்டும்.

போர்டு என்றால் கோர்ட்டு போல் கூண்டெல்லாம் இல்லை. ஒரு மேசை, நடுவில் மாஜிஸ்திரேட் அம்மாள், இரண்டு பக்கமும் இரண்டு பேர். இத்தனை பேரை உள்ளே விட முடியாது என்றார்கள். வக்கீல் பெண் விடாமல் மன்றாடியதில், என்னோடு அக்காவை மட்டும் விட்டார்கள். என் மகன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பையனைத் தெரியுமா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அக்கா பிடித்துக்கொண்டாள்.

"தெரியாம என்ன மேடம்! இவன் பொறந்தன்னைக்கு வெந்நி வச்சவ நான். எங்க வீட்டு ஜன்னல ரெண்டு தடவ பந்தடிச்சு ஒடச்சிருக்கான். கோழிமுட்டையக் களவாண்டு தின்னுருக்கான். நான் காட்டுல நிக்கையில எம் மவளுக்குக் காச்சல்ல இழுத்துருச்சு, இவந்தான் தோள்ல தூக்கிப் போட்டு டிஸ்பென்சரிக்கு ஓடுனான். வீட்டுல ஆளில்லைன்னு எழுதிட்டாங்க. பன்னெண்டு வீட்டுல எப்பவும் ஒரு கதவு தெறந்துதான் கெடக்கும். அவன் எந்த வீட்டுல தின்னாலும் ராத்திரிக்குள்ள அவன் அம்மாவுக்குச் சேதி வந்துரும்."

மாஜிஸ்திரேட் அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. முட்டை விஷயத்தில் என்று நினைக்கிறேன். பிறகு ரிப்போர்ட்டைப் புரட்டினார். அப்படியானால் ஆபீசர் வந்தபோது ஏன் தெரியாது என்று சொன்னீர்கள், யார் அப்படிச் சொல்லச் சொன்னது என்று கேட்டார்.

அதுவரை மடைதிறந்து பேசியவள் வாயை மூடிக்கொண்டாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"தெரியாது மேடம்."

என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். தலையே போனாலும் மாட்டாள். மாஜிஸ்திரேட் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. பேனாவை மூடினார். இவ்வளவு நேரம் அக்கா சொன்னதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் பொய்யாகிக்கொண்டிருந்தது.

நான் எழுந்தேன். "நான்தான் மேடம். நான்தான் வீடு வீடாப் போயி ஒண்ணும் சொல்லாதீங்கன்னு சொன்னேன். ஆபீசர்னா எங்களுக்குப் பயம். நல்லது செய்ய ஒரு ஆபீசர் வருவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல மேடம், இதுவரைக்கும் வந்ததில்ல." என் குரல் உயர்ந்துவிட்டது. வக்கீல் பெண் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். என் மகன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எதிர்கொள்ள முடியாமல் நான் மேசையைப் பார்த்துக்கொண்டேன்.

ஜாமீன் கொடுத்தார்கள். ஸ்கூலை நிறுத்தக்கூடாது, மாதம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போட வேண்டும். நாற்பத்து மூன்று நாள் உள்ளே இருந்திருக்கிறான். அந்த நாற்பத்து மூன்று நாளும் ஹார்டுவேர் கடைக்காரரின் மகன் ஒரு வகுப்பு தவறாமல் படித்துக்கொண்டிருந்தான். அதை யாரிடம் போய்க் கேட்பது?

திரும்பும்போது ஜீப்பில் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அக்கா அவன் கையை விடவே இல்லை. அவனும் எடுக்கவில்லை. ஏற்றம் ஏறும்போது எதிரில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக் கேட்டான்.

"அவங்க பொய் எழுதிட்டாங்கன்னு எங்கிட்ட ஏம்மா சொன்ன?"

ஸ்டேஷன்மேல், ஆபீசர்மேல், கடைக்காரர்மேல் நான் இத்தனை நாள் வளர்த்து வைத்திருந்த கோபம் ஒன்றும் அந்த நேரத்தில் உதவவில்லை.

"பயத்துலடா" என்றேன்.

"நானும் அங்க பயந்துதாம்மா கெடந்தேன்" என்றான்.