கட்டைவிரல் ரேகை திரும்பி வந்த மாதம்

கும்மிடிப்பூண்டியில் ஆணிக் கம்பெனிக்கு ஆள் எடுத்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. பழவேற்காட்டில் அண்ணியும் நானும் ஐஸில் கிடக்கும் இறாலை உரித்துப் பிழைத்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கையெழுத்துப் போட வரும். அது போதாது, கட்டைவிரல் ரேகையும் வேண்டும் என்றார் கம்பெனி குமாஸ்தா. மையில் ஒற்றித் தாளில் அழுத்தினேன். கறுப்பாக ஒரு திட்டு விழுந்தது. ஒரு கோடுகூட இல்லை.

"இன்னாம்மா, விரல ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?"

"உங்க ஊட்டு எறா கொழம்புல தேடிப் பாருங்க சார்."

அவருக்குக் கோபம். எனக்கு அதைவிடக் கோபம்.

"அடுத்த மாசம் பத்தாம் தேதிக்குள்ள ரேகையோட வா. இல்லன்னா வேற ஆளு."

விரலில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று நினைத்தோம். அண்ணி செங்கல் தூளும் சாம்பலும் போட்டு, பாத்திரம் துலக்குவதுபோலத் தேய்த்தாள். நாலாம் நாள் ரத்தம் கசிந்தது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கட்டுப் போட்ட நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

"மேல இருக்கிறது செத்த தோலு. அது தேஞ்சிக்கினேதான் இருக்கும். ஒனக்கு ஐஸும் எறா ஓடும் சேந்து மொத்தமா தேச்சிடுச்சி. அடியில உசுரோட இருக்கிற தோலு புதுசு புதுசா செஞ்சி மேல அனுப்பும். ரேகைக்கு அச்சும் அங்கதான் கீது. ஐஸு, எறா எதையும் தொடாம சும்மா கெட, வரும்."

என் கையிலேயே இப்படி ஒரு வேலை ஓயாமல் நடந்திருக்கிறது. அஞ்சு வருஷம் பள்ளிக்கூடம் போனேன், ஒருத்தரும் சொல்லவில்லை.

அண்ணி என் இறால் கூடையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ரெண்டையும் நானே உரிக்கிறேன். நீ கைய மடக்கிக்கினு உக்காரு, மகாராணி."

தினமும் காலை வெயிலில் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பழைய தோல் ஓரத்தில் உரிந்தது. மூன்றாம் வாரம், நகத்தின் பக்கமாக மூன்று கோடுகள். நான் போட்ட கூச்சலில் அண்ணி இறால் ஓடு ஒட்டிய கையோடு ஓடி வந்தாள். பிறகு நாளுக்கு நாள் கோடுகள் ஏறின. நடுவில் ஒரு சுழி தெரிந்தது. ஈர டம்ளர் கையில் வழுக்காமல் நின்றது. அதுவரை டம்ளரைத் தவறவிட்டதற்கெல்லாம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

எட்டாம் தேதியே போய் அழுத்தினேன். கோடு கோடாக விழுந்தது. குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இத்தினி நாளா எங்க வெச்சிருந்த?"

"அடியில சார். அடுத்த மாசம் எங்க அண்ணி வரும். அதுக்கும் ஒரு எடம் வையுங்க."

"அதுக்கு ரேகை கீதா?"

"இப்ப இல்ல. இனிமே அது கூடைய நான் உரிக்கப் போறேன், வந்துடும்."

வேலையில் சேர இன்னும் இருபது நாள் இருந்தது. அதுவரை இரண்டு கூடையும் எனக்கு. என் ரேகைதான் தாளில் ஏறிவிட்டதே.