ஒட்டுக்குக் கீழே

சேலத்தில் பெரியப்பா மகன் மொட்டைமாடித் தொட்டியில் ஆளுயரம் வளர்ந்திருந்த ரோஜாக் குச்சியைத் தடவிக் காட்டினான். அதே முள், அதே பகட்டு. பெரியப்பாவின் ஏற்காட்டு வீடு கண் முன்னால் வந்து நின்றது.

எழுபதுகளின் கடைசி. காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான பெரியப்பா, நர்சரியிலிருந்து சிவப்பு ஒட்டு ரோஜா வாங்கி வாசலில் நட்டிருந்தார். அவர் கொட்டிய காப்பித் தோல் உரம் தெருவையே குமட்ட வைக்கும். ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்கள் அவருடைய ரோஜாப் பிரசங்கத்திலிருந்து தப்ப முடியாது. ஒருநாள் ஒட்டு முடிச்சுக்குக் கீழே, வேரிலிருந்து கொழுத்த தளிர் ஒன்று கிளம்பியது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. சிவப்புப் பூ விட்ட கிளையை நோஞ்சான் என்று வெட்டி எறிந்தார்.

"ஏனுங்க, கீழ வர்றது காட்டுச் செடிங்க. மேல இருந்ததுதானுங்க நல்ல ரோசா" என்றார் பெரியம்மா.

"அடுப்படியில கெடக்கறவளுக்கு ரோசாவப் பத்தி என்ன தெரியும்?"

பெரியம்மா அடுப்படிக்கே திரும்பிப் போனார்.

மறுவருஷம் பூத்தது. சட்டைப் பொத்தான் அளவில் வெளுத்த பூக்கள். பக்கத்து ஊரான வாழவந்தியில் ஆடு கடிக்கும் வேலிச்செடிகூட அதைவிட நன்றாகப் பூக்கும். பார்க்க வந்த பங்குச் சாமியாரிடம் பெரியப்பா கூசாமல் சொன்னார்: "சீமை ரகமுங்க ஃபாதர். நொம்ப அபூர்வம்." காப்பி கொண்டுவந்த பெரியம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

"எப்படி வளந்திருக்குது பாத்தீங்களாண்ணா? பக்கத்துல இருந்த நோஞ்சானையெல்லாம் வெட்டி உட்டுட்டேன்" என்றான் சேலத்து மொட்டைமாடியில் அவர் மகன்.

குனிந்து பார்த்தேன். ஒட்டு முடிச்சுக்கு மேலே ஒன்றுமே இல்லை; ஆளுயரக் குச்சி அதற்குக் கீழேயிருந்து கிளம்பியிருந்தது.

"அப்படியே உங்கப்பா கைடா தம்பி" என்றேன்.

அவனுக்கும் பெருமை தாங்கவில்லை.