மூலையில் மட்டும் மங்கிய படம்

அந்தப் படத்தை மடிக்கணினியில் பெரிதாக்கியபோது பாறை முழுவதும் எறும்பு மொய்த்தது போல இருந்தது. எங்கு பார்த்தாலும் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். அவற்றுக்கு அடியில் பாறையின் விளிம்புகள் தண்ணீருக்குள் கிடப்பவை மாதிரி குழைந்து தெரிந்தன. முந்தைய நாள் அதே இடத்திலிருந்து எடுத்த படத்தில் ஒவ்வொரு கீறலும் துல்லியமாக இருந்தது. கேமரா கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நில அளவைப் பிரிவில் எனக்கு வேலை. சுரங்கம் என்றால் குகை அல்ல. படிப்படியாக வெட்டி இறங்கிய பெரிய பள்ளம். மழைக்காலத்தில் அதன் மேற்குச் சுவரைத் தினமும் காலையில் ஒரே இடத்தில் நின்று படம் எடுக்க வேண்டும். நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, விரிசல் ஏதும் அகன்றிருக்கிறதா என்று பார்ப்பார் எங்கள் புவியியலாளர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சிறியவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். சுவருக்கு அடியில் போகும்போதெல்லாம் ஹெல்மெட்டை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நடப்பார். பயந்தாங்கொள்ளி மேடம் என்று டிப்பர் டிரைவர்கள் அவருக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. "பயமாத்தாண்ணே இருக்கு, அதுக்கு என்ன பண்றது?" என்று சிரித்துக்கொள்வார்.

அந்தச் சுவரின் அடியில்தான் என் மனைவியின் தம்பி பொக்லைன் ஓட்டினான். உடையார்பாளையத்தில் வாங்கிப்போட்ட முந்திரிக்காட்டை விட்டுவிட்டு, நான் சொல்லித்தான் இந்த வேலைக்கு வந்தவன்.

அன்றைக்கு முந்தைய ராத்திரி முழுக்க மழை பெய்து ஓய்ந்து, வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. "கேமரா போச்சுங்க மேடம்" என்றேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இருங்கண்ணே, ஒண்ணொண்ணா பாப்போம்" என்று நான் தினமும் படம் எடுக்கும் பார்வை மேட்டுக்கு என்னோடு வந்தார். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்ததும் லென்சில் ஈரம் படிந்திருக்கலாம் என்று அதைத் திறந்தவெளியில் வைத்துக் காத்திருந்தோம். வெளிச்சம் குறைவு என்பதால் கேமரா தானாகவே ஒளியுணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓ எண்ணை ஏற்றிவைத்திருந்தது. அதைக் குறைத்ததும் புள்ளிகள் போய்விட்டன. அப்படிக் குறைத்தால் ஷட்டர் மெதுவாகிவிடும். கை பட்டால்கூடப் படம் அசைந்துவிடும். அதனால் முக்காலியில் பொருத்தி, டைமர் வைத்து எடுத்தோம். முக்காலியில் இருக்கும்போது அணைத்து வைக்க வேண்டிய, கேமராவின் நடுக்கத் தடுப்பு வசதியையும் அணைத்தேன். லென்சுக்கு முன்னால் மாட்டியிருந்த பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். ஃபோகஸைக் கையால் திருப்பினேன்.

படம் பளிச்சென்று வந்தது. இடது கீழ் மூலை மட்டும் மங்கலாகவே இருந்தது.

"லென்சு அடிவாங்கியிருக்குமோ மேடம்? மூலையில மட்டும் அப்படித்தான் காட்டும்" என்றேன். அவர் திரையை நிழலுக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "கேமராவ இடது பக்கம் திருப்புங்கண்ணே. அந்த எடம் படத்துக்கு நடுவுல வரட்டும்" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று திருப்பும்போதே புரிந்துவிட்டது. கோளாறு லென்சில் என்றால் மங்கல் மூலையிலேயே நிற்கும். அது நடுவுக்கு நகர்ந்து வந்தால் கோளாறு கேமராவில் இல்லை.

நடுவில் வந்தது. சுற்றிலும் பாறை கத்தி வைத்து வரைந்தது மாதிரி இருக்க, நடுவில் ஒரு ஆள் உயரத்துக்கு வெள்ளையாகக் கலங்கல். வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளைப் பாறை மேல் வெள்ளைத் தூசி. பாறை உள்ளுக்குள் நகர்ந்து அரைபட, விரிசலிலிருந்து பொடி நிற்காமல் உதிர்ந்துகொண்டிருந்தது. மெதுவான ஷட்டர் அதைத்தான் மங்கலாகப் பிடித்திருந்தது. அதற்கு நேர் கீழே மஞ்சள் பொம்மை போல என் மச்சானின் பொக்லைன்.

மேடத்தின் உதடு வெளுத்துவிட்டது. வாக்கிடாக்கியை எடுத்து, "மேற்குப் பக்கம் எல்லாரும் வெளிய வாங்க. வண்டிய அப்படியே விட்டுட்டு வாங்க" என்றார். நான் போனில் மச்சானைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இயந்திரச் சத்தத்தில் அவனுக்கு எப்படிக் கேட்கும்? இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு மேட்டு விளிம்பில் கத்தினேன். பொக்லைனின் கை மேலே போய்க் கீழே வந்தது, மறுபடி மேலே போனது. கடைசியில் ஒரு டிப்பர் டிரைவர் அவன் கதவைத் தட்டிக் கூட்டிக்கொண்டு ஓடிவருவது தெரிந்த பிறகுதான் கைகளை இறக்கினேன்.

ஆனால் சுவர் விழவில்லை. மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார். படத்தைப் பார்த்தார். "என்னம்மா இது, ஒரு கலங்கலான போட்டோவுக்கு மைன்ஸ நிறுத்துவீங்களா?" டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டு சிரித்தார்கள். மச்சான்கூட, "மாமா, டிபன்பாக்ஸ் வண்டியில கெடக்கு, ஒரு ஓட்டம் ஓடி எடுத்துட்டு வந்துடறேன்" என்றான். அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன், விடவே இல்லை. உச்சிப்பொழுது தாண்டியதும் மேனேஜர், "போதும், எறங்குங்கப்பா" என்றார். மேடம் பள்ளத்துக்குள் இறங்கும் பாதையின் நடுவில் போய் நின்றார். ஒரு கையால் ஹெல்மெட்டை அழுத்திப் பிடித்திருந்தார். "நான் சொல்றது தப்பா இருந்தா என்னைய வேலைய விட்டுத் தூக்குங்க சார். எறங்க மட்டும் வேணாம்." நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன். சுவர் விழாவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் ஒருபக்கம். விழுந்துவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம்.

முதலில் சத்தம் கேட்கவில்லை. கால்களுக்கடியில் தரை ஒருமுறை மூச்சு வாங்கியது. திரும்பினால், சுவரின் அந்தப் பகுதி நின்றபடியே கீழிறங்கி, அப்புறம்தான் உடைந்தது. வெள்ளைப் புழுதி எங்களை நோக்கி எழும்பி வந்தது. இருமிக்கொண்டே ஆட்களை எண்ணினோம். எல்லோரும் இருந்தார்கள். புழுதி அடங்கியபோது பொக்லைன் நின்ற இடத்தில் கல்மேடு இருந்தது. மேனேஜர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேடம் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகு அவரை யாரும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

மேடம் இப்போது வேறு மாநிலத்தில் இருக்கிறார். மச்சான் அதே சுரங்கத்தில் வேறொரு பொக்லைன் ஓட்டுகிறான். போகாதே என்று அவன் அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. ஆனால் மழைநாட்களில் கீழே இறங்கும் முன் எனக்குப் போன் போடுகிறான்.

"மாமா, படம் தெளிவா இருக்கா? எறங்கலாமா?"

இருக்கிறது என்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது. இருந்தாலும் அவனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்க்கிறேன்.