முள்வாங்கியும் தம்பியின் செருப்பும்

சித்தப்பா மகன் செய்த செருப்பைப் பற்றிப் பேப்பரில் படத்தோடு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான். வேறு பேர் வைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. என்னைவிட ஆறு மாதம் இளையவன். பத்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையை என்னைப் பார்த்து எழுதியவன்.

அப்படி என்ன செருப்பு? சாயல்குடிப் பக்கம் எங்கள் ஊரில் மிதித்த இடமெல்லாம் சீமைக்கருவேல முள். ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும். இவன் இரண்டு ரப்பர் ஷீட்டுக்கு நடுவே பனைநாரை நெருக்கிப் பின்னி வைத்து ஒட்டிவிட்டான். முள் ஏறவில்லை. அதற்குக் காப்புரிமை கேட்டிருந்தான். நார்க்கட்டிலில் படுத்து எழுகிற எவனுக்கும் தோன்றக்கூடியதுதானே!

யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம் என்று ராமநாதபுரத்து வக்கீல் சொன்னார். விடுவேனா? இது எல்லோருக்கும் சட்டென்று தோன்றுகிற சங்கதி, காப்புரிமை தரக்கூடாது என்று மனு போட்டேன். முள் தொல்லை ஊரறிந்தது என்று காட்ட, எங்கள் ஊர் ஆண்கள் தலைமுறை தலைமுறையாக அரைஞாண் கயிற்றில் முள்வாங்கி கோத்திருப்பதை எழுதினேன். அய்யா கட்டிவிட்ட என் முள்வாங்கியையே, அந்தச் சின்ன இடுக்கியை, இடுப்பிலிருந்து கழற்றிச் சாட்சியாக அனுப்பினேன்.

விசாரணை, வக்கீல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வீடியோவில் நடந்தது. சென்னைக் காப்புரிமை ஆபீஸிலிருந்து அதிகாரியம்மா கேட்டார்: "எத்தனை தலைமுறையா இதைக் கட்டியிருக்கீங்க?"

"எங்க பாட்டன் காலத்துக்கு முந்தியே கட்டுறோங்க," என்றேன் பெருமையாக.

"அப்பவும் நார்க்கட்டில் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"அப்புறம் ஏன் இத்தனை நாளா ஒருத்தருக்கும் தோணலை?"

காப்புரிமை அவனுக்கே கிடைத்தது.

கிடைத்த கையோடு ஒரு ஜோடியைக் கொண்டுவந்து, "போட்டுக்கண்ணே," என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதை வாசலோடு ஒதுக்கிவைத்தேன்.

அடுத்த வாரம் மிளகாய்க் கொல்லைக்குப் போகும்போது பழைய செருப்பைத் துளைத்து ஒரு முள் ஏறி உள்ளேயே ஒடிந்தது. இடுப்பைத் தடவினேன், வெறும் கயிறு. முள்வாங்கி சென்னையில் ஃபைலோடு கிடந்தது. பக்கத்தில் இருந்தது அவன் வீடு மட்டும்தான். நொண்டிக்கொண்டே போய் நின்றேன்.

"ஏலே, முள்வாங்கி இருந்தாக் குடு."

அவன் என் காலைப் பார்த்தான்.

"கழட்டிப் போட்டு ரெண்டு வருசமாச்சுண்ணே. எனக்கெதுக்கு?"